ரெட்டை ஒயரில் வந்த நாடகம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். எனக்குக் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை. விடியுமுன் சைக்கிளில் பாலம் தாண்டிப் போவேன். மத்தியானம் திரும்பிவிடுவேன்.

அந்தத் தெருவில் வீடுகளுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசலில் பேசுவது கொல்லையில் தெளிவாகக் கேட்காது, கத்தினால்தான் கேட்கும். முன்கட்டில் வீட்டுக்காரர் தனியாக இருந்தார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கொல்லையோரத்து அறை எங்களுக்கு. அதில் கரண்டு கிடையாது.

என் மனைவி அப்போது கர்ப்பம். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இந்தத் தடவை படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சமையல் நான்தான்.

வீட்டுக்காரரிடம் ரேடியோ இருந்தது. மத்தியானம் அதில் ஒரு தொடர் நாடகம் வரும். சத்தம் காதில் விழுந்தால் போதும், இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றம்வரை போய்விடுவாள். ஒருநாள் நான் வந்தபோது தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. சாயங்காலம் புடவையில் ரத்தம் பட்டது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார்.

வீட்டுக்காரரும் பயந்துவிட்டார்.

“பழைய ரேடியோவுல கழட்டின ஸ்பீக்கர் ஒண்ணு பரண்ல கிடக்குப்பா. அதுக்குக் கரண்டு வேண்டாம். என் ரேடியோவுக்குப் பின்னால சொருகிக்கலாம். நீ ஒயர் மட்டும் வாங்கிட்டு வா.”

காலிங் பெல்லுக்குப் போடும் மெல்லிய ஒயர் வாங்கி வந்தேன். இரண்டு இழையும் முறுக்கி இருக்கும். முன்கட்டிலிருந்து முற்றம், சமையற்கட்டு தாண்டி எங்கள் அறைவரை சுவரோரமாக இழுத்தேன்.

சத்தம் வந்தது. ஆனால் மங்கல். நான் போதும் என்று நினைத்தேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“கிணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு அழுவுறாளா சிரிக்கிறாளான்னே தெரியல. நான் ஒரே ஒரு நிமிஷம் முத்தத்துக்குப் போயிட்டு வந்துடறேங்க.”

“வேண்டாம்” என்றேன்.

ரேடியோவில் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். “இங்க என் காது கிழியுதுப்பா!” என்றார் வீட்டுக்காரர்.

ஸ்பீக்கர் பழசு, அதுதான் கோளாறு என்று நினைத்தேன். கழற்றி ரேடியோ பக்கத்தில் வைத்து, ஒரு முழ நீளத் துண்டு ஒயரில் இணைத்துப் பார்த்தேன். கணீரென்று பேசியது. பிறகு அதே இடத்தில், நீள ஒயரைச் சுருட்டித் தரையில் போட்டு அதன் வழியாக இணைத்தேன். ஸ்பீக்கர் நகரவே இல்லை. சத்தம் மங்கிவிட்டது. அப்போதுதான் புரிந்தது, சத்தத்தைத் தின்பது ஒயர்தான். ஏன் என்று தெரியவில்லை. மூட்டை சுமக்கும்போதுகூட அதே யோசனைதான்.

அவளிடம் சொன்னேன். படுத்தபடியே கேட்டாள்:

“மூட்டை கனமா இருந்தா நீங்க கயித்த ரெட்டையாத்தானே போடுவீங்க? இதுக்கும் போடறதுதானே.”

வீட்டுக்காரர் சிரித்தார். “ஒயர் என்ன அரிசி மூட்டையா தூக்குது?”

எனக்கும் நம்பிக்கையில்லை. இருந்தாலும் இன்னொரு சுருள் வாங்கி முதல் ஒயரோடு சேர்த்து இழுத்தேன். நாடகம் ஆரம்பிக்கும் நேரம். இந்தக் கோடியில் நான்கு முனைகள், எல்லாம் ஒரே நிறம். இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்கினேன். சத்தம் அடியோடு நின்றுவிட்டது.

“ஏம்ப்பா, என் ரேடியோவும் வாயை மூடிடுச்சே! என்ன பண்ணித் தொலைச்சே?” என்று முன்கட்டிலிருந்து வீட்டுக்காரர் கத்தினார்.

“ஐயோ, ஆரம்பிச்சிருப்பாங்களே” என்று அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கட்டிலிலிருந்து இரண்டு காலும் தரைக்கு வந்துவிட்டன.

“இறங்காதே.”

முறுக்கைப் பிரித்ததும் முன்கட்டில் ரேடியோ மறுபடி பேசியது. எதோடு எது சேர வேண்டுமோ அது மாறிப்போயிருந்தது. மார்க்கெட்டில் இரண்டு பேர் சரக்கு ஒரே வண்டியில் வந்தால், கலக்காமல் இருக்க ஒருவர் மூட்டைகளில் துணிக்கிழிசல் கட்டுவோம். அதே மாதிரி செய்தேன். முன்கட்டில் ரேடியோவின் இரண்டு துளைகளில் ஒன்றில் சொருகியிருந்த இழைகளில் மட்டும் கிழிசல் கட்டினேன். அந்த இழைகளை ஒவ்வொன்றாக விரலால் நீவிக்கொண்டே கொல்லைவரை வந்து, இந்தக் கோடியிலும் கட்டினேன். அவள் கால்கள் தரையிலேயே இருந்தன. கட்டும்போதே நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிழிசல் கட்டியதைக் கிழிசலோடு சேர்த்தேன். மற்றதை மற்றதோடு.

அறைக்குள் ஒரு பெண் விசும்பினாள். மூச்சு இழுப்பது வரை கேட்டது.

“கேக்குதா?” என்றேன்.

“ஷ்ஷ்... சும்மா இருங்க. அவ அழுவுறா” என்றாள்.

கால்களை மேலே இழுத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். அதன் பிறகு அவள் முற்றத்துப் பக்கம் போகவே இல்லை. மாசம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது.

பின்னால் ஒரு எலக்ட்ரிக் கடையில் விவரம் கேட்டேன். மெல்லிய ஒயர் நீளமாகப் போனால் வழியிலேயே சக்தி கொஞ்சம் செலவாகிவிடும், ரெட்டையாகப் போட்டால் தடித்த ஒயர் போட்ட மாதிரி என்றார்கள்.

நான் பேச்சு குறைந்தவன். ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதாகிவிட்டது என்று இருந்தவன். அந்த மத்தியானத்துக்குப் பிறகு, எதைச் சொன்னாலும் அது அவளிடம் முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறேன்.