ஜீப்பைப் பார், டிராமைப் பார்

இந்த ஊரில் குழந்தையை அழவைப்பதற்குக் கால அட்டவணை உண்டு. முதல் இரண்டு நாள் அழக்கூடாது. மூன்றாம் நாள் கால் மணி நேரம் அழலாம். நான்காம் நாள் அரை மணி. ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்துக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் என் பேத்தி மீனாவைச் சேர்க்கப் போனபோது இந்த அட்டவணையைத் தட்டச்சு செய்து என் கையில் கொடுத்தார்கள். காப்பகத்துக்குத் ‘தாகிஸ்’ என்று பெயர். அட்டவணைக்கு ‘இன்ஸ்கூல்னிங்’ என்று பெயர். இரண்டரை வயதுக் குழந்தையை வீட்டு மனிதரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் காப்பகத்து மனிதரிடம் சேர்க்கும் இரண்டு வார நடைமுறை அது. நான் வருவாய்த் துறையில் முப்பத்தாறு ஆண்டு இருந்தவன். நிலத்தை ஒப்படைக்க, பதவிப் பொறுப்பை ஒப்படைக்க, ஓய்வு பெறும் நாளில் அலமாரிச் சாவியை ஒப்படைக்க என்னென்ன படிவம் என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குழந்தையை ஒப்படைக்கவும் படிவம் உண்டு என்பது அன்றுவரை தெரியாது. மரியாதையோடு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

படிவம் மூன்று பக்கம். என் மகள் வாசுகி கேள்விகளைத் தமிழில் சொல்ல, நான் பதில் சொல்ல, அவள் எழுதினாள். அவள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள், மருமகன் தொழிற்சாலையில். இருவருக்கும் விடுப்பு இல்லாததால், விடுப்பு விண்ணப்பமே தேவைப்படாத என்னை இந்தப் பணிக்கு நியமித்திருந்தார்கள். குழந்தை புதியவர்களிடம் உடனே போகுமா, நின்று பார்த்துவிட்டுப் போகுமா? கோபம் வந்தால் எவ்வளவு நேரம் நீடிக்கும்? எதைப் பிடித்துக்கொண்டு தூங்கும்? எங்கள் கம்பத்தில் அந்தக் காலத்தில் குழந்தைகளின் சுபாவம் இரண்டே வகை. படுத்துகிற பிள்ளை, படுத்தாத பிள்ளை. இங்கே அதற்கு இருபத்திரண்டு கேள்விகள். கடைசிக் கேள்வி, நீங்கள் வெளியே போகும்போது குழந்தை என்ன செய்யும் என்பது.

“ஒண்ணும் செய்யாது. நான் போறது அதுக்குத் தெரியாதே” என்றேன்.

வாசுகியின் பேனா நின்றது. என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதினாள்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் எனக்கு நீண்ட அனுபவம் இருந்தது. வாசுகிக்கு மூன்று வயதாக இருந்தபோது நான் மதுரையில் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தர். என் மனைவி கம்பத்தில் பள்ளி ஆசிரியை. குடும்பம் கம்பத்தில், நான் மதுரையில் அறை எடுத்துத் தங்கி சனிக்கிழமை மாலை வருவேன், திங்கட்கிழமை விடிந்ததும் ஐந்தரை மணி பஸ்ஸில் போவேன். அந்த நேரம் பார்த்து வாசுகி விழித்துக்கொள்வாள். என் காலைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையில் இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டேன். மூன்றாம் முறை பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி அக்கா வழக்கைக் கையில் எடுத்தார்.

“தம்பி, நீங்க பின்வாசலு வழியாப் போயிருங்க. புள்ளைய நான் பாத்துக்கிறேன்” என்றவர், வாசுகியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். அந்த நேரத்தில்தான் மலைமேல் கேரளத்து எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாகக் கிளம்பும். உள்ளே இருப்பவர்களைவிட வெளியே தொங்குபவர்கள் அதிகம்.

“ஆத்தா, அங்கன பாரு ஜீப்பு! எத்தன பேரு தொங்கிக்கிட்டுப் போறாக பாரு! எண்ணு பாப்போம்!”

மகள் எண்ணத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்தது ஏழு வரைதான். ஏழு முடிவதற்குள் நான் சந்தைத் தெருவைத் தாண்டியிருந்தேன். “சொல்லிட்டுத்தான் போங்களேன்” என்றாள் என் மனைவி. சொன்னால் அழும் என்றேன். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது இதுதான். அப்பன் போவதைப் பிள்ளை பார்க்கக்கூடாது. காக்கையைக் காட்டுவார்கள், ஆட்டைக் காட்டுவார்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது ஆள் இருக்கமாட்டான். இதில் எந்தத் தவறும் இருப்பதாக எவரும் மேல்முறையீடு செய்ததில்லை.

விளைவுகள் மெல்லத்தான் தெரிந்தன. முதலில் ஜீப்புக்கும் அப்பா காணாமல் போவதற்கும் உள்ள தொடர்பை மகள் கண்டுபிடித்தாள். முகாமுக்கு வந்த என் மேலதிகாரி ஒருவர் பெரிய மனது பண்ணி எங்கள் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். வாசுகி என் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு தெருவையே கூட்டிவிட்டாள். “என்னய்யா, என்னயப் பாத்தா பேயி மாதிரியா இருக்கு?” என்று கேட்டுவிட்டு, காப்பி குடிக்காமலே போனார். அதன்பின் என் பதவி உயர்வுக் கோப்பு பல மாதங்கள் நகரவில்லை. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே இன்றுவரை நம்பி வருகிறேன்.

அடுத்து அவள் என் செருப்பைக் கவனித்தாள். ஒரு தை மாதத்துத் திங்கட்கிழமை ஒற்றைச் செருப்பைக் காணவில்லை. பஸ் ஹாரன் அடிக்கிறது. தேட நேரமில்லாமல் வெறுங்காலோடு ஓடி ஏறி, அப்படியே அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட்டேன். கண்காணிப்பாளர் கண்ணாடிக்கு மேலாக என் காலைப் பார்த்தார்.

“என்னய்யா, பழனிக்கு மாலையா?”

பிள்ளை செருப்பை ஒளித்துவிட்டது என்று ஓர் அரசு ஊழியன் எப்படிச் சொல்வது? “ஆமா சார்” என்றேன். “கழுத்துல ஒண்ணையும் காணோம்?” “நாளைக்குப் போடுறேன் சார்.” விஷயம் பிரிவு பிரிவாகப் பரவியது. பக்கத்து மேசைக்காரர் மாலையே வாங்கி வந்துவிட்டார். அந்த மாதம் முழுவதும் ஆட்டுக்கறி இல்லை, வெற்றிலை இல்லை. பூசத்துக்கு அலுவலகக் குழுவோடு மதுரையிலிருந்து பழனிவரை நடந்தே போனேன். என் குதிகாலில் இன்றும் இருக்கும் வெடிப்புகள் முருகனுக்காக வந்தவை என்று அன்று உடன் நடந்தவர்கள் நம்புகிறார்கள். செருப்பு எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் கிடந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை வாசுகி அழவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, நான் சட்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சி அக்கா தூக்க வந்தபோது மறுக்காமல் போனாள். “புள்ள பழகிருச்சு தம்பி” என்றார் அக்கா. அவளுக்கு அப்போது நான்கு வயது. கோப்பு முடிக்கப்பட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் எதற்கும் அழுததில்லை. கல்லூரி விடுதியில் விட்டபோது அழவில்லை, கல்யாணத்தில் அழவில்லை, விமான நிலையத்தில் அழவில்லை. அம்மா இறந்தபோது வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தாள். “என் மகள் படுத்தாத பிள்ளை” என்று பல இடங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்த முன்னனுபவத்தோடுதான் தாகிஸில் மூன்றாம் நாள் காலை உட்கார்ந்திருந்தேன். பொறுப்பாளர் பிர்கித்தா, ஐம்பது வயது, என்னைப் போலவே நிதானமான ஆங்கிலம். இன்று நீங்கள் கால் மணி நேரம் வெளியே போகவேண்டும் என்றார். தலையசைத்தேன். ஜன்னலுக்கு வெளியே தெருவில் டிராம் வண்டி வந்துகொண்டிருந்தது.

“மீனா, அங்கன பாரு டிராமு!”

மீனா ஜன்னலில் மூக்கை வைத்து அழுத்தினாள். நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியேறினேன். ஒரு சத்தமில்லை. அரைக்கண்ணால் மணி பார்த்தேன், என் பழைய சாதனை நேரத்தைவிடச் சற்றே அதிகம், பூட்ஸ்தான் காரணம். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் பனியில் நின்றிருந்தபோது உள்ளேயிருந்து அலறல் கேட்டது. பிர்கித்தா கோட்டுகூடப் போடாமல் வெளியே வந்தார்.

“ஏன் ஒளிந்திருக்கிறீர்கள்?”

“ஒளியவில்லை. அட்டவணைப்படி வெளியேறியிருக்கிறேன்.”

“போகிறேன் என்று மீனாவிடம் சொன்னீர்களா?”

“சொன்னால் அழுவாளே!”

“ஆமாம், அழுவாள்” என்றார், அதற்குத்தானே இவ்வளவு ஏற்பாடும் என்பது போல.

அழாமல் பிரிப்பதுதான் திறமை, எங்கள் ஊரில் இது நிரூபிக்கப்பட்ட முறை என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “நீங்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தால் ஒரு கதவைப் பார்த்து அழுதிருப்பாள்” என்றார் கடைசியில். “இப்போது எல்லாக் கதவையும் பார்த்து அழுகிறாள். அலமாரிக் கதவையும் சேர்த்து.” தீர்ப்பு அங்கேயே வழங்கப்பட்டது. இன்ஸ்கூல்னிங் ரத்து, நாளை மறுபடி முதல் நாள். முப்பத்தாறு ஆண்டு பணியில் ஒரு குற்றக் குறிப்பாணை வாங்காதவன், ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வாங்கினேன்.

மாலையில் வாசுகியிடம் சொன்னபோது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சாதத்தில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்தாள்.

“டிராமு பாருன்னு சொன்னீகளாப்பா?”

“ஆமா.”

“அங்கன ஜீப்பு, இங்கன டிராமு.”

“உனக்கு ஞாபகம் இருக்கா? சின்னப் புள்ளையில்ல அப்ப?”

“ஜீப்பு ஞாபகமில்லப்பா. முத்துப்பேச்சி அத்தை சொல்லித்தான் தெரியும். ஆனா இன்னைக்கு வரைக்கும் யாராச்சும் ‘அங்க பாரு’ன்னு கையக் காட்டுனா நான் அங்க பாக்கமாட்டேன். சொன்னவகளத்தான் பாப்பேன்.”

ரசத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாள். இருபத்தெட்டு ஆண்டு வளர்ந்த பெண்ணின் சுபாவம் இரண்டு வரியில் மேசைமேல் இருந்தது. எந்தப் படிவத்திலும் நான் அதைக் கேட்டதில்லை.

மறுநாள் மீண்டும் தொடங்கினோம். மூன்றாம் நாள் வந்தது. மீனாவின் முன் மண்டியிட்டு, “தாத்தா போயிட்டு வாரேன். பெரிய முள்ளு மூணுக்கு வந்ததும் வந்துருவேன்” என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பிறகு வாயைத் திறந்து அழுதாள். அவள் பார்க்கப் பார்க்கக் கதவைத் திறந்து போனேன். நான் செய்த வேலைகளிலேயே கடினமானது அதுதான், வறட்சி நிவாரணப் பட்டியல் தயாரித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பெரிய முள் மூன்றைத் தொட்டபோது கதவில் நின்றேன். பிர்கித்தாவின் குறிப்பேட்டில் அன்று இரண்டு வரிகள். “மீனா: நான்கு நிமிடம் அழுதாள். மூர்ஃபார்: இன்னும் ஓயவில்லை.” மூர்ஃபார் என்றால் அம்மாவின் அப்பா. குளிரில் கண்ணில் நீர் வருவது இயற்கை என்று அதில் திருத்தம் கோரினேன். ஏற்கப்படவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்வூதியக்காரன் உயிரோடிருப்பதை ஆண்டுக்கொரு முறை கருவூலத்தில் நேரில் வந்து நிரூபிக்க வேண்டும். அதற்காக மே மாதம் கம்பம் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். அது உண்மை. போனால் திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. விமானச் சீட்டில் திரும்பும் தேதி காலியாக இருந்தது. கருவூலத்தில் எத்தனை நாளாகும் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். பிறகு கம்பத்திலிருந்து உடம்பு, வெயில், வீட்டு மராமத்து என்று ஒவ்வொரு கடிதமாக எழுதிக்கொள்ளலாம். கருவூலம்தான் என் ஜீப்பு. வாசுகி ஒரு முறைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும் நாள் காலை மீனாவை நானே தாகிஸில் விட்டு, முறைப்படி சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழையும்போது என் கம்பத்துத் தோல் செருப்பு இரண்டும் வாசலில் ஜோடியாக இருந்தன. பெட்டியைக் கட்டிவிட்டு வந்தால் ஒன்றுதான் இருந்தது. மருமகன் டாக்ஸிக்காகக் கீழே நின்றார். வீட்டில் நானும் வாசுகியும் மட்டும்.

“என்னப்பா தேடுறீக?” என்றாள், துணி மடித்துக்கொண்டே.

“ஒண்ணுமில்லம்மா.”

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அரிசி டின்னின் மூடி சரியாகப் பொருந்தாமல் தூக்கிக்கொண்டிருந்தது. திறந்து பார்க்கவில்லை. பிறகு இரண்டு கையாலும் அழுத்தி நன்றாக மூடினேன். திரும்பினால் வாசுகி வாசற்படியில் நின்றிருந்தாள். விமானச் சீட்டை எடுத்து மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தேன்.

“போயிட்டு வாரேன்மா. ஜூன் இருபத்தெட்டு, சனிக்கிழமை. எழுதிக்கோ.”

என் முகத்தைப் பார்த்தாள். நான் வேறெங்கும் கைகாட்டவில்லை. நான்கு வயதில் நிறுத்தியதை என் மகள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பார்க்காமல் நான் கழித்த நேரம் அது. டாக்ஸிக்காரர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதத்து மதுரையில் பனிக்கால பூட்ஸோடு வந்து இறங்கிய ஒரே ஓய்வூதியக்காரன் நான்தான். கம்பம் போய்ச் சேர்வதற்குள் கால் இரண்டும் வெந்துவிட்டன. செருப்புக்கடை திறக்கும் முன்பே கருவூல வரிசையில் நிற்பது என் வழக்கம் என்பதால், மறுநாள் காலை அங்கே வெறுங்காலோடுதான் போனேன். இளநிலை உதவியாளர் என் முகத்தைப் புகைப்படத்தோடு ஒப்பிட்டு, உயிரோடிருக்கிறேன் என்று முத்திரை குத்திவிட்டுக் காலைப் பார்த்தார்.

“என்னங்கய்யா, ஏதும் வேண்டுதலா?”

“இல்லை தம்பி. என் மகள் ஒண்ண எடுத்து வச்சுக்கிட்டா.”

அவருக்குப் புரியவில்லை. கருவூலத்தில் உண்மையைச் சொன்னால் அப்படித்தான். வீட்டுக்கு வந்தால் முத்துப்பேச்சி அக்கா வாசலில் நின்று, பெட்டியிலிருந்து நான் எடுத்து வைத்த ஒற்றைச் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒத்தச் செருப்ப வச்சு என்ன தம்பி செய்யப் போறீக? தூக்கிப் போட்டுரவா?”

“இருக்கட்டும்க்கா.”

ஜூன் இருபத்தெட்டு புதுச் செருப்போடு இங்கே வந்து சேர்ந்தேன். இதை எழுதும்போது அந்த ஒற்றைச் செருப்பு கம்பத்து வீட்டு வாசலில், பூட்டிய கதவுக்கு முன்னால், வெளியே பார்த்தபடி கிடக்கும். இன்னொன்று இங்கே அரிசி டின்னில் இருக்கிறது. தினமும் நான்தான் உலைக்கு அரிசி எடுக்கிறேன். கை அதன்மேல் படும். கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அளந்துகொள்கிறேன்.