நோர்பரியிலிருந்து ஹீத்ரோவுக்கு: வழியில் செத்த கார்

காலை பத்தரை மணிக்குத் தென்லண்டன் நோர்பரியில் என் தம்பி சிவநேசன் குடியிருந்த வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டோம். ஹீத்ரோ விமான நிலையம் அங்கிருந்து பதினெட்டு மைல்தான். ஒரு மணி விமானத்தில் அவனுடைய மனைவி வதனியும் மகள் அபிராமியும் கொழும்பிலிருந்து வந்திறங்க இருந்தார்கள். வதனி வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது நாட்டைவிட்டு வந்தவன் அவன். அகதி வழக்கு இழுபட்டு முடியப் பிள்ளைக்கு ஐந்து வயதாகிவிட்டது. மகளைப் போட்டோவில் மட்டும்தான் கண்டிருக்கிறான். அந்தச் சந்திப்பைப் பார்க்கவென்றே நான் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், நவம்பர் மாதம். லண்டனில் நவம்பர் மழை ஊற்றாது, விடாமல் தூறும். பகலிலேயே எல்லாக் கார்களும் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. தம்பியின் கார் பழைய ஜப்பான் கார். அதில்தான் மினிகாப் என்ற வாடகைக்கார் ஓடிப் பிழைத்தான். ஸ்ரெதம் தாண்டும்போது ஸ்ரியரிங்குக்குப் பின்னால் பற்றரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மங்கலாக எரிவதைக் கண்டேன்.

"உது ஏன் எரியுது?"

"அது எப்பவும் அப்பிடித்தான் அக்கா. கராஜ் அண்ணை பாத்தவர். பற்றரி பழசெண்டு புதுசு போட்டுத் தந்தவர்."

"எப்ப?"

"போன மாதம். அதுக்கு முதலும் ஒண்டு போட்டவர்."

எனக்கு அங்கேயே கோபம் பிடித்துவிட்டது. ரொறன்ரோவில் ஒரு குளிர்காலம் முழுவதும் என் கார் நடுவழியில் நின்று நின்று, கடைசியில் வெறுத்துப்போய் மாலை வகுப்பில் கார் மின்சாரம் படித்தவள் நான். கார் ஓடும்போது மின்சாரத்தை உண்டாக்குவது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் அல்ரனேற்றர். பற்றரி ஒரு தொட்டி மாதிரி. அதை அல்ரனேற்றர் நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். தொட்டி இரண்டு முறை வற்றினால், நீர் வரும் வழியைப் பார்க்காமல் மூன்றாவது தொட்டியை விற்பானா ஒருவன்?

"திருப்படா காரை. ரெயினில போவம்."

"சூட்கேஸ் இருக்கும், பிள்ளை இருக்கும். அதோட, காரில வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டு எழுதினனான் அக்கா."

தம்பி காரைச் சவுத் சர்க்குலருக்குத் திருப்பினான்.

சவுத் சர்க்குலர் என்பது பெயரளவில்தான் சுற்றுச் சாலை. உண்மையில் தென்லண்டனின் கடைத்தெருக்களைத் துண்டுதுண்டாக ஒட்டவைத்த பாதை. கிளப்பம் கொமன் திடலைக் கடக்க அரைமணி. வான்ஸ்வேர்த்தில் நெரிசல் இறுகி நின்றது. அங்கேதான் வைப்பர் களைத்த கை போலக் கண்ணாடியில் மெதுவாக நகரத் தொடங்கியது. முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகில் விழுந்த எங்கள் விளக்கொளி மஞ்சளாகிச் சுருங்கியது. ஈஸ்ற் ஷீனில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். பச்சை விழுந்தது. கார் செத்துவிட்டது.

பின்னால் ஹோர்ன்கள் அலறின. ஒருவன் கண்ணாடியை இறக்கி, அப்படியே உன் நாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போ என்று கத்தினான். தம்பி மழையில் இறங்கி எல்லாரிடமும் "சொறி, சொறி" என்றான். அந்தச் சத்தம் போட்டவனிடமும் சொன்னான். நான் காரைத் தள்ளியபடியே தம்பியைப் பார்த்து, "ஆரிட்டயடா மன்னிப்புக் கேக்கிறாய்?" என்று கத்தினேன்.

தெருவோரம் ஒரு கார் உதிரிப்பாகக் கடை இருந்தது அதிர்ஷ்டம். ஒன்பது பவுணுக்கு வோல்ற் பார்க்கும் மீற்றர் ஒன்று வாங்கினேன். கடைக்குள் நின்ற தண்ணீர்க்குழாய் வேலைக்காரர் ஒருவர், வெள்ளைக்காரர், கேட்காமலே தன் வான் வண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பற்றரிகளையும் வயரால் தொடுத்தார். சில நிமிடத்தில் எங்கள் எஞ்சின் பிடித்தது. தொடுப்பைக் கழற்றியதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே மீற்றரைப் பற்றரியில் வைத்தேன். பதினாலுக்குக் கிட்ட நிற்கவேண்டிய முள் பன்னிரண்டைக்கூடத் தொடவில்லை.

"அல்ரனேற்றர் பழுதாப் போட்டுது" என்றேன். தம்பியின் முகம் வாடிவிட்டது. புதிது வாங்கி மாற்றப் பின்னேரமாகிவிடும். எதற்கும் பார்ப்போம் என்று அல்ரனேற்றரின் பின்முனையிலேயே மீற்றரை வைத்தேன். பதினாலரை!

நான் நினைத்தது பிழை. அல்ரனேற்றர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அது உண்டாக்கியதெல்லாம் பற்றரிக்குப் போகும் வழியில் தொலைந்தது. சிவப்பு விளக்கு அணையாமலும் பிரகாசிக்காமலும் மங்கி எரிந்ததன் காரணமும் அதுதான்: விளக்கு அல்ரனேற்றருக்கும் பற்றரிக்கும் நடுவே தொடுத்திருப்பது; இரண்டு பக்கமும் இருந்த வோல்ற் வித்தியாசத்தில்தான் அது எரிந்தது. தடித்த வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். எஞ்சினுக்குக் கீழே திரும்புமிடத்தில் விரலில் சுட்டது. அங்கே கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. எஞ்சினை நிறுத்தி, பற்றரியைக் கழற்றிவிட்டு, நாடாவை உரித்தேன். உள்ளே இரண்டு வயர் முனைகளை வெறுமனே முறுக்கி விட்டிருந்தார்கள். செம்பு பச்சை பூத்து, பாதி இழைகள் கருகியிருந்தன.

"இதில ஆர் கை வைச்சது?"

"கிளச் மாத்தேக்க வயர் அறுந்திட்டுதெண்டு கராஜ் அண்ணை சொன்னவர். தான் உடன பொருத்திப்போட்டாராம்."

"அதுக்குப் பிறகுதானே லைற் எரியத் தொடங்கினது?"

தம்பி மழையைப் பார்த்தான். "ஓம்."

"தெரிஞ்சுகொண்டே ரெண்டு பற்றரி வித்திருக்கிறான்!"

"தெரிஞ்சிருக்காது அக்கா. பாவம், எங்கட ஆள்..."

"வாயை மூடு!" என்றேன். குழாய்க்காரர் தமிழ் தெரியாமலே ஓர் அடி பின்வாங்கினார்.

கருகியதை வெட்டி எறிந்து, கடையில் வாங்கிய புதுத் தடித்த வயரை முனைக்கு முனை இறுக்கிப் பூட்டி, மறுபடி அவருடைய வான் பற்றரியிலிருந்து உயிர் வாங்கினோம். இப்போது பற்றரியிலும் பதினாலு காட்டியது. சிவப்பு விளக்கு சுத்தமாக அணைந்தது. ஆனால் மணி இரண்டரை தாண்டியிருந்தது. கியூ பாலம் கடந்து மேற்குச் சாலையில் ஏறியதும் தம்பி வேகத்தைக் கூட்டினான்.

வருகை மண்டபத்தில் ஆட்கள் கலைந்திருந்தார்கள். தூணோரம் இரண்டு சூட்கேஸ்களுக்கு நடுவில் வதனி நின்றாள். பிள்ளை அவள் சட்டையைப் பிடித்து அழுது ஓய்ந்து, விக்கிக்கொண்டிருந்தது. தம்பி ஓடிப்போய் நின்றான். கையெல்லாம் கறுப்பு மசகு. தொடலாமா என்று தெரியாமல் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றான். பிள்ளை அவனைக் கண்டு வீரிட்டது.

"வரமாட்டாரோ எண்டு நினைச்சன் மச்சாள்" என்றாள் வதனி என்னிடம். "ஒருத்தர் வந்து, கூட்டிப்போக ஆள் இருக்கோ எண்டு இங்கிலீசில கேட்டவர். என்ன சொல்லுறது? எனக்குத் தெரியேல்லையே."

அடுத்த நாள் காலை தம்பியை இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். உரிமையாளர் ஊரில் எங்கள் பகுதி ஆள்தான்; தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று வரவேற்றார். நடந்ததைச் சொன்னேன்.

"அவசரத்துக்குச் செய்தது தங்கச்சி. உதெல்லாம் பெரிய விசயமே? பெண்டுகளுக்கு உது விளங்காது."

நான் வாய் திறக்குமுன் தம்பியின் குரல் கேட்டது. அவ்வளவு உரத்து அவன் பேசி நான் கேட்டதில்லை. "அஞ்சு வரியமாப் பாக்காத பிள்ளை அண்ணை! என்னைக் கண்டு பயந்து கத்தினது! உங்களை நம்பித்தானே ரெண்டு முறை வந்தனான்? ஒருக்காவாவது மூடியைத் திறந்து பாத்தனியளோ?"

வேலைசெய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உரிமையாளர், இலவசமாக ஒரு சேர்விஸ் செய்து தருகிறேன் என்றார். "இந்தக் காரில இனி நீங்கள் கை வைக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தம்பி வெளியேறினான்.

ரொறன்ரோவில் இதைக் கேட்டவர்கள், எங்கட ஆள்தானே, விட்டுவிடு என்கிறார்கள். லண்டனில் மட்டுமல்ல, இங்கே ரொறன்ரோவிலும் அப்படித்தான்: வெள்ளைக்காரன் கராஜ் என்றால் ரசீதைக் கேட்டு, பழைய பாகத்தைக் கேட்டு நிற்போம், நம்மவர் என்றால் கண்ணை மூடிச் சாவியைக் கொடுப்போம். என்னால் விட முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து நான் ரொறன்ரோவுக்குப் புறப்பட்ட காலை, தம்பி என் சூட்கேஸைக் காரில் ஏற்றினான். பின்கதவைத் திறந்தால், அபிராமி ஏற்கெனவே உள்ளே இருந்தாள். இரவு உடுப்பு, அதன்மேல் குளிர்ச்சட்டை, இடம்மாறிப் போட்ட சப்பாத்து.

"நீர் எங்க போறீர்?" என்று கேட்டேன்.

"அப்பா போனால் வரமாட்டார்" என்றாள், சீற் பெல்ற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "நானும் வாறன்."