வீரவேணிக்குக் கிடைத்த மூன்று வாரத் தூக்கம்

வீரவேணி என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. ஆத்ரேயபுரத்தில் எங்கள் கொல்லையில் இரண்டு அடுப்புகள். ஒன்றில் நான், ஒன்றில் அவள். கவிழ்த்த பானை நன்றாகக் காய்ந்ததும், அரிசிமாவுக் கரைசலில் நனைத்த துணியை அதன்மேல் ஒரு வீச்சு வீசினால் மெல்லிய ஏடு படியும். உடனே உரித்துவிட வேண்டும். நெய்யும் சர்க்கரையும் வைத்து மடித்தால் பூதரேக்கு, எங்கள் ஊர் விற்கும் இனிப்பு. கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஏடு கருகும், கையும் சேர்ந்து கருகும்.

வீரவேணியின் கையெல்லாம் சூட்டுத் தழும்பு. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் அடித்துப் போட்டவள் மாதிரிதான் வருவாள். அவள் குறட்டைக்குப் பயந்து கொழுந்தன் கட்டிலை வாசலுக்கு மாற்றிக்கொண்டான். "உள்ள லாரி ஓடுது அண்ணி" என்று சிரிப்பான். நடுவில் குறட்டை நின்று, மூச்சுத் திணறி அவள் எழுந்து உட்காருவதை அவன் எங்கே கண்டான்? சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்குத்தான் கேட்டது.

போன வருஷம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. உடம்பும் பூசினாற்போல் இருந்தது. உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். இதற்கு மேல் என்ன வேண்டும் என் மாமியாருக்கு?

"அடுப்புப் பக்கம் போகாத புள்ள. நல்லாத் தூங்கு. வயித்துல இருக்கறது தூக்கம் கேக்குது."

மூன்று வாரம் மத்தியானமானால் அவளுக்குப் பாய் விரித்தார்கள். அவள் அம்மா, பிள்ளை உண்டான பெண்ணுக்குத் தரும் சலிமிடி என்ற மாவு வெல்ல உருண்டையோடு வந்து மடி நிரப்பிவிட்டுப் போனாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்புகூடக் கொஞ்சம் மங்கியது.

ஸ்கேனில் குழந்தை இல்லை, சினைப்பையில் நீர்க்கட்டிகள். கூடப் போயிருந்த நான் குறட்டையைப் பற்றிச் சொன்னேன்.

"இந்தக் கோளாறு இருந்தா தூக்கத்துல மூச்சு அடைக்கலாம்மா. ராஜமுந்திரில ஒரு ராத்திரி படுக்க வச்சுப் பரிசோதிக்கணும். தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

வீடு வந்ததும் மாமியார் பாயைச் சுருட்டினார். "கட்டியாம்! ஊர்ல எவளுக்கு இல்ல? சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேரு. பண்டிகை ஆர்டர் குவிஞ்சு கெடக்கு, அடுப்பப் பத்த வை." ராஜமுந்திரிக்குச் சங்கராந்தி கழித்துப் போகலாம் என்றான் கொழுந்தன். எந்தச் சங்கராந்தி என்று சொல்லவில்லை. இல்லாத குழந்தைக்குக் கொடுத்த தூக்கத்தை, கண்முன்னால் இருக்கிறவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லையே என்று எனக்கு வயிறெரிந்தது.

போன வாரம் தூக்கக் கலக்கத்தில் அவள் முழங்கை பானையில் பட்டுத் தோல் வழன்றுவிட்டது. தண்ணீர் ஊற்றினேன். அவள் அழவில்லை.

"அழக்கூடத் தெம்பில்லக்கா. எனக்குத் தூங்கணும், அவ்வளவுதான்."

எழுந்து நேராக மாமியாரிடம் போனாள்.

"அத்த, ரெண்டு மாசமா நாள் தள்ளிப்போச்சு."

அதில் பொய் எதுவும் இல்லை; நீர்க்கட்டி தள்ளிப்போட்ட நாள். மாமியாரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அவரே ஓடிப்போய்ப் பாயை விரித்தார். வீரவேணி ஒருக்களித்துப் படுத்தாள். தலை சாய்ந்ததும் தூங்கிப்போனாள்.

மாமியார் என்னிடம் வந்து மெல்லக் கேட்டார்: "ஸ்கேனுக்கு நாளைக்கே கூட்டிட்டுப் போறியா?"

அவளுடைய பானையின் மேலும் துணியை வீசிக்கொண்டே சொன்னேன்: "என்ன அவசரம் அத்த? மூணு வாரம் போகட்டும்."