லிஃப்ட் குடித்த மாதுளைச் சாறு

லிஃப்ட் இல்லாத மாடிக் கட்டடங்களுக்கெல்லாம் அவர்தான் லிஃப்ட். பெயரும் அதுவே ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கல்யாணத்தன்று யாரோ ஒருமுறை சொன்னதோடு சரி. முதுகில் பட்டையைக் கட்டி ஒரு ஃபிரிட்ஜை நாலாவது மாடிக்கு ஏற்றி வைத்தால், உள்ளே இருக்கும் தயிரில் ஒரு சுருக்கம்கூட விழுந்திருக்காது. ஒரு தடவை பீரோவை இறக்கித் திறந்தபோது அந்த வீட்டு மாமா கொட்டாவி விட்டபடி உள்ளேயிருந்து வந்தார் என்பார்கள். மாமாவுக்கு நான் பொறுப்பில்லை. தயிர் சத்தியம்.

அறுபத்து மூன்று வயதில் அவர் தொழிலை விட்டார். அதே வருஷம் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. தினமும் காலையில் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி, ஆறு எட்டு எடுத்து வைத்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். ஊரார் சாமானையெல்லாம் சுமந்த முதுகு சொந்த வீட்டில் மூன்றாவது எட்டிலேயே மக்கர் செய்தது. ஒருநாள் இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். அவருக்கு முழங்கை, அவளுக்கு நெற்றி.

மகள் வந்து பார்த்தாள். கத்தவில்லை. பராமரிப்பு இல்லம் ஒன்றில் படுக்கைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், இன்னொரு தடவை விழுந்தால் அம்மா அங்கேதான் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். நாற்பது வருஷம் ஒரே அறையில் படுத்து எழுந்தவர்கள்.

அந்த வாரம்தான் பிசியோதெரபி கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சிக்கு வயதானவர்களைத் தேடுகிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டார். பன்னிரண்டு வாரம் எடைப் பயிற்சி. கூடவே தினம் ஒரு பாட்டில் மாதுளைச் சாறு. பாதிப் பேருக்கு நிஜச் சாறு, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் சர்க்கரைத் தண்ணீர். யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கே தெரியாது. சாறு குடித்தால் பயிற்சியின் பலன் கூடுகிறதா என்று பார்க்கிறார்களாம். முதல் மடக்கிலேயே தன்னுடையது நிஜச் சாறுதான் என்று லிஃப்ட் தீர்ப்பு எழுதிவிட்டார்.

மனைவிக்கு அது நல்ல பொழுதுபோக்கு. "குடிங்க, குடிங்க. நாளைக்கு என்னைக் கட்டிலோட தூக்கிடுவீங்க" என்பாள்.

தூக்கத்தான் செய்தார். மூன்றாம் வாரம் மூச்சு வாங்காமல் நாற்காலி வரை போனார். ஐந்தாம் வாரம் நடு அறையில் நின்று, அவளை ஏந்தியபடியே வம்பு பேசினார். ஏழாம் வாரம் மணி அடித்தபோது அப்படியே போய்க் கதவைத் திறந்தார். அவளை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டதாகத் தபால்காரர் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். தபால்காரர் நம்ம ஆள், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். இருந்தாலும் தெருவில் மாதுளை கிராக்கியாகிவிட்டது. கீழ் வீட்டுக் கணக்கு வாத்தியார் தினம் மூன்று டம்ளர் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார்.

எட்டாம் வாரம் கல்லூரியில் அளந்து பார்த்தார்கள். காலால் தள்ளும் எடை முதல் நாள் தள்ளியதேதான். கைப்பிடியின் வலு சற்றுக் குறைவு. மெஷின் ரிப்பேர் என்றார் லிஃப்ட். பயிற்சி கொடுக்கும் பெண் பொறுமையாக வேறொரு மெஷினில் அளந்தாள். அதுவும் அதையே சொன்னது. சிலருக்கு மெதுவாகத்தான் ஏறும் என்று அவள் ஆறுதல் சொல்ல, இவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன் மெஷின் என்ன சொன்னா எனக்கென்னம்மா? வீட்ல அவளைப் பஞ்சு மாதிரி தூக்குறேன்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். "ஐயா, அம்மாவை எடை பாத்தீங்களா?"

எடை மெஷினை இரவல் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முதலில் தனியாக ஏறி நின்றார். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். கழித்துப் பார்த்தால் நாற்பத்தொன்று வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஐம்பத்தாறு என்று இருந்தது. மெஷின் மேல் நின்றபடியே மூன்று தடவை கழித்துப் பார்த்தார்.

"என்னடி பண்ணின?"

"நீங்க துணி துவைக்கப் போற நேரத்துல பாதிச் சாப்பாட்டை ஜன்னல் வழியா புறாவுக்குப் போட்டேன்."

"எதுக்கு?"

"உங்களுக்கு வலு ஏறுற மாதிரி தெரியல. நானாவது இறங்குவோமேன்னு."

அவர் அவளை நாற்காலியில் வைத்துவிட்டு, சமைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டினார். சுருங்கிப்போன வயிறு வாங்கவில்லை. நாலு வாய்க்கு மேல் போனால் வாந்தி எடுத்தாள். ஒரு வாரம் போராடினார். கல்லூரிக்குப் போகவில்லை. எட்டாம் நாள் அவரே மகளுக்குப் போன் செய்து, அந்தப் படுக்கை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

கொண்டுபோய் விட்ட அன்று மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. தினம் மதியம் போய் ஸ்பூனால் ஊட்டுவார். சுவரைப் பார்த்தபடி வாயை மட்டும் திறப்பாள். மூன்று மாதத்தில் உடம்பு தேறி ஐம்பதைத் தாண்டியது.

அப்போதுதான் ஒருநாள் சாப்பிட்டு முடித்து, "தூக்கிப் பாருங்க" என்றாள்.

எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும். குனிந்து, முதுகுக்கும் முழங்காலுக்கும் அடியில் கை கொடுத்தார். மெத்தையை விட்டு ஒரு சாண் கிளம்பினாள். அவர் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. மெல்லக் கீழே விட்டார்.

"முடியல."

"இன்னொரு தடவை?"

அவர் அவளுடைய தலையணையைச் சரி செய்தார். நாற்காலிக்கு மாற்றுகிற நேரம் வந்திருந்தது. இரண்டு செவிலியர் உள்ளே வந்து ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். லிஃப்ட் சுவரோரம் ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டார்.