நான் தொழாத இஸ்திகாரா

என் மகளுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. திருமணம் ஆகவில்லை. அதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு பொய். அல்லாஹ்வின் பெயரால் சொன்ன பொய்.

பதினைந்து வருடத்துக்கு முன் நடந்தது. அப்போது என் மனைவி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. புதுப்பட்டினத்து வீட்டில் நானும் மகளும் மட்டும். நான் அணு ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். அவள் சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தாள். கூட வேலை பார்த்த பையன் ஒருவன், பெற்றோரோடு வந்து முறையாகப் பெண் கேட்டான். தொழுகையாளி, நல்ல குடும்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவனுக்குக் கனடாவில் வேலை உறுதியாகியிருந்தது.

"நான் தொழுது கேட்டா என் ஆசையே பதிலா வந்துடும் அத்தா. நீங்க இஸ்திகாரா தொழுங்க. என்ன வருதோ அதுக்கு நான் கட்டுப்படறேன்" என்றாள் மகள்.

ஒரு காரியத்தில் எது நல்லது என்று இறைவனிடம் வழி கேட்டுத் தொழுகிற இரண்டு ரக்அத் தொழுகை அது. யாருக்குத் தேவையோ அவரேதான் தொழ வேண்டும். அதைப் பெரியவர்கள் தலையில் வைப்பது எங்கள் வீடுகளில் பழகிப்போன தவறு.

நான் தொழவில்லை. ஐந்து நிமிடம் போதும், ஆனாலும் தொழவில்லை. தொழுதால் மனசு சரி என்று சொல்லிவிடுமோ என்று பயந்தேன். அவள் போய்விட்டால் காலையில் எனக்கு சலாம் சொல்ல அந்த வீட்டில் ஆள் இருக்காது. மூன்றாம் நாள் இட்லியைப் பிய்த்துக்கொண்டே, மனசு ஒப்பவில்லை என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னும் கொஞ்சம் சட்னி ஊற்றினாள்.

அதற்குப் பிறகு வந்த வரன்களையும் ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்தேன். போகப்போக வரன்கள் வருவது நின்றது.

அவள் அழுது நான் பார்த்ததில்லை. உறவுக்காரர்கள் குத்திப் பேசினால், அல்லாஹ் வேண்டாமென்று காட்டினான், அதில் ஏதோ நன்மை இருக்கும் என்பாள். நேர்வழியில் நடப்பவர்களுக்குப் பயமும் இல்லை, துக்கமும் இல்லை என்று வேதம் தருகிற வாக்கை அவள் அப்படியே நம்பினாள். அவள் முகத்தில் அந்த அமைதி இருந்தது. அது நின்றது என் பொய்யின் மேல். எனக்கோ, அவள் ஃபோனில் யாரிடமாவது சிரித்துப் பேசினாலே, அவளைக் கொண்டுபோக இன்னொருவன் வந்துவிட்டானோ என்று பயம். மனைவியை அடக்கிய கப்ருக்குப் போனால் அவசரமாக ஓதிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

சென்ற ரமளானுக்குப் பிறகு மறைமலைநகரிலிருந்து என் தங்கை வந்தாள். அவள் மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது.

"பேஜாரா கீதுண்ணே. பையன் துபாய்ல கீறான். இவ இன்னாடான்னா வாயே தொறக்க மாட்டேங்கிறா" என்று அலுத்துக்கொண்டாள்.

"எங்க அத்தாகிட்ட விடுங்க மாமி. தொழுதுட்டு மனசுல பட்டத மறைக்காம சொல்லுவாங்க" என்றாள் என் மகள்.

"சொல்லுவாரு, சொல்லுவாரு. ஒன்ன வூட்டோட வெச்சிகினு கீற மாதிரி எம் பொண்ணையும் வெச்சிடப் போறாரு."

இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் முற்பகலில் கை, முகம், கால் கழுவி உளூச் செய்துகொண்டு, தங்கை மகளுக்காக உண்மையாகவே தொழ நின்றேன். இஸ்திகாராவில் வேண்டுகிற அந்த துஆவில், நீ அறிந்தவன், நான் அறியாதவன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. நான் அறிந்தே செய்தவன். ஒரு மனிதருக்குச் செய்த அநியாயத்துக்கு அவரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும், இறைவனிடம் அழுதால் மட்டும் போதாது என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வழி கேட்டு நின்ற எனக்கு அன்று தெரிந்த வழி அது ஒன்றுதான்.

சனிக்கிழமை செங்கல்பட்டுக்குக் கண் மருத்துவரிடம் மகள் என்னைக் காரில் அழைத்துப் போனாள். காரில் என்றால் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அந்தக் கோழைத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வண்டியை நிறுத்தவில்லை. வேகம் மட்டும் குறைந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போயிற்று.

"ஒரு ரக்அத்கூடத் தொழலையா?"

"இல்லம்மா."

"கனடான்னு பயமா?"

"தனியா இருக்கப் பயம்."

செங்கல்பட்டுக்குள் நுழையும்போது கியரை மாற்றிக்கொண்டே சொன்னாள். "அவரு கெடைக்கலன்னு நான் அழல அத்தா. அல்லாஹ் சொல்லிட்டான்னு இருந்துட்டேன். இப்ப எனக்கு நானே என்ன சொல்லிக்கிறது?"



மருத்துவமனையில் கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் அவள் என் தங்கைக்கு ஃபோன் செய்தாள். பெண்ணையே தொழச் சொல்லுங்கள், அத்தாவுக்கு முடியவில்லை என்று மட்டும் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் ஃபோனை வைத்ததும், என்னை மன்னிப்பாயா என்று கேட்டேன்.

"மன்னிச்சிட்டேன்னு இப்ப சொன்னா அது பொய்யாயிடும். அல்லாஹ் முன்னால இன்னொரு பொய் வேணாம் அத்தா."

அதுவரை விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு என் பின்னால் நின்று தொழுவாள். இப்போது தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தொழுகிறாள். நேரத்துக்குச் சாப்பாடு வைக்கிறாள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாள். பேச்சு அவ்வளவுதான். எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. பதினைந்து வருடத்துக்குப் பிறகு நன்றாகத் தூக்கம் வருகிறது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவளிடம் இருந்த நிம்மதியைக் கெடுத்துவிட்டு எனக்குக் கிடைத்த தூக்கம் இது.

தொழுது முடித்து அவளுக்காக துஆ கேட்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் நெடுநேரம் இருக்கிறாள் போலிருக்கிறது. என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கும் உரிமையும் எனக்கு இல்லை.