வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

எங்கள் ஊர் நூலகக் கட்டடம் முதலில் சிறைச்சாலையாக இருந்தது. பிறகு தானியக் கிடங்கு. புத்தகங்கள் குடிவந்தது கடைசியில்தான். கைதிக்கும் மூட்டைக்கும் உள்தாழ்ப்பாள் எதற்கு? ஆகவே வாசல் கதவுக்கு இன்றுவரை வெளிப்பக்கம் மட்டுமே தாழ்ப்பாள். அதைப் போடுவதும் எடுப்பதும்தான் என் அத்தையின் உத்தியோகம். கூட்டுவது, செய்தித்தாள் அடுக்குவது, குறட்டை விடுகிறவர்களை எழுப்புவது எல்லாம் உபரி.

பின்னால் இருந்த பழைய காவலர் அறையில் அத்தை குடியிருந்தாள். கல்யாண வாழ்க்கை ஒத்துவராமல் திரும்பி வந்தவள், கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் இருந்தாள். அவளும் அம்மாவும் ஒரே அடுப்படியில் நின்றால் பாத்திரங்கள்தான் பேசும். தனித்தனியாகப் போன பிறகுதான் நாத்தனாரும் அண்ணியும் சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள்.

அது பொறுக்காமல், கட்டடத்தை இடித்துவிட்டுக் கடைகள் கட்டலாம் என்று நகராட்சித் தலைவருக்குத் தோன்றியது. கட்டடம் பலவீனம் என்று ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்தால் போதும். அத்தைக்குச் சோறு இறங்கவில்லை.

“இடிச்சா என்ன, நம்ம வீட்டுக்கு வந்துடு” என்றாள் அம்மா. வாய்தான் சொன்னது, முகம் சொல்லவில்லை.

“வரேன் அண்ணி” என்றாள் அத்தை. அவள் முகமும் அப்படித்தான் இருந்தது.

பொறியாளர் புதன்கிழமை வருவதாகப் பேச்சு. மனுஷன் செவ்வாய்க்கிழமையே சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். அத்தை பின்பக்கம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்து, கடைசி அறையில் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் அத்தை வாசலில் நின்று வழக்கம்போல் சாவிக்கொத்தைக் குலுக்கினாள். அந்தச் சத்தம் கேட்டால் பாதி வரியில் இருக்கிறவர்கூட எழுந்து வந்துவிடுவார், எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. அதனால் உள்ளே எட்டிப் பார்க்கிற வேலையே அவளுக்குக் கிடையாது. வெளியூர்க்காரருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டாள். அம்மாவோடு சேர்ந்து நகராட்சித் தலைவரை ஆசைதீரத் திட்டிவிட்டு நிதானமாகக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

கதவைத் திறந்தால், சட்டையெல்லாம் சுண்ணாம்போடு ஒருவர் தரையில் உட்கார்ந்திருந்தார். சுவரைச் சோதிக்கக் கொண்டுவந்த சின்னக் கடப்பாரை நுனி மழுங்கிக் கிடந்தது. ஜன்னல் கம்பியை நெம்பியிருக்கிறார், கதவின் கீலைப் பெயர்க்கப் பார்த்திருக்கிறார், கடைசியில் ஜன்னலுக்குக் கீழே சுவரைக் குடைந்திருக்கிறார். ஒரு பிடி சுண்ணாம்பு உதிர்ந்ததோடு சரி. அந்தச் சுவருக்குள் செல்போனும் வேலை செய்யாது.

“எவ்வளவு கத்தினேன் தெரியுமாம்மா? ஒருத்தர் காதுலயும் விழலையா?”

ஆள் யாரென்று அத்தைக்குப் புரிந்துவிட்டது. வேலையும் போச்சு, அறையும் போச்சு என்று முடிவே கட்டிவிட்டாள். அதற்காக வாய் சும்மா இருக்குமா?

“வெளிய கேட்டா அது புதுக் கட்டடம் சார்.”

அவர் அவளை முறைத்தார். பிறகு சுவரை முறைத்தார். அத்தை கொண்டுவந்து கொடுத்த ஒரு செம்புத் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்து முடித்துவிட்டு, கொப்புளம் எழும்பிய இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

“இதைப் போய் பலவீனம்னு நான் எந்தக் கையால எழுதறது?”

எழுதவில்லை. கடைகள் வேறு இடத்துக்குப் போயின. செய்தி வந்த அன்று அத்தை வாசற்படியில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூடக் கவலைப்படாமல் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“அண்ணி, ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க.”

அதுவரை அதை அவள் ‘ரூம்’ என்றுதான் சொல்லிவந்தாள்.