அம்மா நம்பாத உண்மை

"நெலம் சரியில்லாட்டி வெத என்ன செய்யும்" என்று அம்மா என் மனைவியைக் குத்தாத நாளில்லை. திண்டுக்கல்லில் என் ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, ஆண்களுக்கே உரிய ஒய் குரோமோசோமில் விந்தணு உண்டாக உதவும் ஒரு மரபணுக் குடும்பமே எனக்கு விடுபட்டிருக்கிறது என்றார்.

செம்பட்டி பஸ்ஸில் மனைவி, "அத்தைகிட்டச் சொல்லாதீங்க. பேச்சு வாங்கி எனக்குப் பழகிருச்சு" என்றாள். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் குறை என்னிடம்தான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"ஏலே, உங்கப்பனுக்கு நீ பொறக்கலையா? பொண்டாட்டியக் காப்பாத்த இம்புட்டுப் பொய்யா?"

அந்த மரபணுக்கள் அப்பாவிடம் இருந்தன, எனக்கு வரும்போதுதான் விடுபட்டன என்றேன். அம்மா சிரித்தாள்.

உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். இன்றும் வளைகாப்பு வீடுகளில் என் மனைவியைத்தான் ஒதுக்கி உட்கார வைக்கிறார்கள். என்னைப் பந்திக்குக் கூப்பிடுகிறார்கள்.